சிரிக்க வைக்கும் முதல் வாசிப்புப் புத்தகம்: எழுத்தெண்ணி எழுதும் முறை

எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு சுமை. 'த', 'டி' என்று தனித்தனியாகச் சொல்லி, இரண்டையும் ஒட்டி, 'தடி' என்று கேட்டு, அது என்ன என்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த உழைப்புக்கு உடனே கூலி கிடைத்தால்தான் அடுத்த சொல்லுக்குப் போகும். சிரிப்புதான் அந்தக் கூலி. ஆகவே இந்த வகைப் புத்தகத்தில் சிரிப்பு, குழந்தை தானே கூட்டிப் படித்த சொல்லில் இருக்க வேண்டும். படத்தில் மட்டும் இருந்தாலோ, பெரியவர் குரலை மாற்றி வாசித்தால் மட்டும் வந்தாலோ, அது நல்ல புத்தகமாக இருக்கலாம். வாசிக்கப் பழகும் குழந்தைக்கான புத்தகம் ஆகாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். குழந்தை முழுக் கதைக்கும் சிரித்துவிட்டால், எழுத்துக்கு அங்கே வேலை இல்லை. அடுத்து, படத்தை மறைத்து நீங்களே வாசியுங்கள். அப்போதும் முழுச் சிரிப்பு வந்தால் அது சொல்கதை. எழுத்தும் படமும் சேர்ந்தால் மட்டும் சிரிப்பு வருகிறதா? அப்படியானால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

கதைக்கு முன் எழுத்துப் பட்டியல்

புதிதாக எழுதுகிறவர்கள் கதையை முதலில் எழுதிவிட்டு, பிறகு கடினமான சொற்களை நீக்கப் பார்ப்பார்கள். அது நடக்காது. கதை செத்துப்போகும். தலைகீழாகத் தொடங்குங்கள்: எந்த எழுத்துகளைத் தெரிந்த குழந்தைக்கு எழுதுகிறோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்த எழுத்துகளால் ஆகும் சொற்களைக் குவித்து, அந்தக் குவியலுக்குள் கதையைத் தேடுங்கள்.

தமிழ் எழுத்து 247 என்றாலும் குழந்தை 247 உருவங்களைத் தனித்தனியாகக் கற்பதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் குறியீடுகளால் ஆனவை. அந்தக் குறியீடுகள் எல்லாம் ஒரே அளவு எளிதல்ல. எளிதிலிருந்து கடினத்துக்கு இப்படி அடுக்கலாம்.

முதல் படி: புள்ளி, அகர உயிர்மெய், கால் (ா). படம், மரம், வால், தாத்தா எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

இரண்டாம் படி: இகர, ஈகாரக் குறிகள். மணி, நரி, தீ, பாட்டி.

மூன்றாம் படி: உகரமும் ஊகாரமும். இங்கேதான் முதல் பள்ளம். கு, டு, து, மு, ரு, வு ஒவ்வொன்றும் தனி உருவம். கால் போல ஒரே குறியை ஒட்டிக்கொண்டு போக முடியாது. கூ, தூ, பூ என்று நெடில் வரும்போது மறுபடி புது உருவங்கள்.

நான்காம் படி: ெ, ே, ை. ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னால் வரும் உயிர், எழுதும்போது முன்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் முதலில் கொம்பைப் பார்க்கும். அதற்கு ஒலி இல்லை. அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

ஐந்தாம் படி: ொ, ோ, ௌ. மெய்யை இரண்டு பக்கமும் சூழ்ந்து நிற்பவை. 'கொ'வைப் படிக்கும் குழந்தை 'கெ' என்று தொடங்கிவிட்டு, மீதமிருக்கும் காலை என்ன செய்வது என்று விழிக்கும். ஔகாரத்தை இந்த வகைப் புத்தகங்களில் தொடவே வேண்டாம். 'ள' என்னும் எழுத்தோடு குழம்பும், அதை வைத்து எழுதச் சொற்களும் அதிகம் இல்லை.

பட்டியலுக்கு வெளியே இரண்டு மூன்று சொற்களை 'முழுச்சொல்'லாக அனுமதிக்கலாம். ஒரு, இது, இல்லை ஆகியவை வழக்கமான தேர்வு. மூன்றுக்கு மேல் போனால் குழந்தை ஊகிக்கத் தொடங்கிவிடும்.

வினைமுற்றில் ஒளிந்திருக்கும் 'து'

விலங்கை நாயகனாக வைத்தால் ஒவ்வொரு வாக்கியமும் வந்தது, போனது, பார்த்தது என்று 'து'வில் முடியும். முதல் இரண்டு படிகளில் இருக்கும் குழந்தை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் முட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்குத் தமிழ்க் குழந்தைக் கதைகளில் ஏற்கெனவே தீர்வு இருக்கிறது: நரியார், காக்கையார். மரியாதை விகுதி போட்டுவிட்டால் வந்தார், தந்தார், சிரித்தார் என்று வினை எளிய எழுத்துகளுக்குள் வந்துவிடும். அதோடு, திருட்டு முழி முழிக்கும் நரிக்கு 'ஆர்' போட்டு அழைப்பதிலேயே பாதிச் சிரிப்பு இருக்கிறது.

நாயகனின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதும் கணக்கில் வரும். 'அந்த', 'இந்த' என்ற சொற்களுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பூனை, அந்தக் குரங்கு. சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ப்', 'க்' குழந்தைக்குப் புரியாத தடை. ஒற்றை விட்டுவிட்டு எழுதுவது தவறு. பிறகு திருத்துவது இன்னும் கடினம். அதற்குப் பதில் ந, ம, வ, ய அல்லது உயிரெழுத்தில் தொடங்கும் நாயகனைப் பிடியுங்கள். அந்த நரி, அந்த மணி, அந்த யானை. அல்லது 'ஒரு' போடுங்கள். 'ஒரு' வந்தால் ஒற்று மிகாது. ராஜா, ரோஜா, ஹரி, ஷீலா போன்ற கிரந்த எழுத்துப் பெயர்கள் கடைசிப் படி வரைக்கும் காத்திருக்கட்டும்.

சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள்

ஆங்கிலத்தில் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்த டாக்டர் சூஸ், 1957-இல் வந்த தன் பூனைக் கதையை 236 வெவ்வேறு சொற்களுக்குள் எழுதினார். 1960-இல் இன்னொரு புத்தகத்தை 50 சொற்களுக்குள் முடித்தார். அந்த 50-இல் 49 ஓரசைச் சொற்கள். இந்த எண்களைப் பார்த்துவிட்டு, தமிழிலும் '50 சொல் புத்தகம்' என்று பலர் கிளம்புகிறார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 'போய்க்கொண்டிருந்தான்' என்பது ஒரே சொல்தான், ஆனால் அதில் பத்து எழுத்து. மரம், மரத்தை, மரத்தில் ஆகியவை நமக்கு ஒரே சொல்லின் வேற்றுமை வடிவங்கள். எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு மூன்று புதுச் சொற்கள்.

நடைமுறைக் கணக்கு இது: முதல் இரண்டு படிகளில் ஒரு சொல்லுக்கு அதிகபட்சம் ஐந்து எழுத்து, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முதல் நான்கு சொல், புத்தகம் முழுவதற்கும் 12 முதல் 20 வெவ்வேறு சொல். மூன்றாம் படிக்குப் பின் சொல்லுக்கு ஆறு எழுத்து, புத்தகத்துக்கு 40 சொல் வரை போகலாம். துணைவினைகளை வெட்டுங்கள்: 'பார்த்துக்கொண்டே இருந்தார்' வேண்டாம், 'பார்த்தார்' போதும். 'மரத்திற்குப் பின்னால்' என்று எழுத வேண்டியதைப் படத்தில் காட்டிவிடுங்கள்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். காதுக்குப் பழகிய மொழி என்பதால் ஆசை வரும். ஆனால் வந்துச்சு, வந்திச்சு, வந்தது ஆகிய மூன்றில் எதை எழுதுவது? பேச்சு வழக்குக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. இப்போதுதான் எழுத்து நிலையானது என்று நம்பத் தொடங்கியிருக்கும் குழந்தையிடம் அந்த நம்பிக்கையைக் கலைக்கக் கூடாது. கதை சொல்லும் வரிகள் எழுத்து வழக்கில் இருக்கட்டும். ஐயோ, அடடா, ஆகா, சரி போன்றவை இரண்டு வழக்குக்கும் பொது. பேச்சின் உயிர்ப்பு வேண்டிய இடத்தில் அவற்றைப் போடுங்கள்.

சிரிப்புக்கான சரக்கு

ஐந்து, ஆறு வயதுக் குழந்தை எதற்குச் சிரிக்கும்? பெரியவர் தவறு செய்தால் சிரிக்கும். சரியான வரிசையில் ஒரு தவறான பொருள் வந்து நின்றால் சிரிக்கும். கதாபாத்திரத்துக்குத் தெரியாத ரகசியம் தனக்குத் தெரிந்திருந்தால் சிரிக்கும். வினோத ஒலிக்குச் சிரிக்கும். கிண்டல் தொனி, இருபொருள் வசனம், உலக நடப்பு இவையெல்லாம் வாங்கிக் கொடுக்கும் பெரியவருக்கான சிரிப்பு. உடல் பருமன், நிறம், திக்குவாய் இவற்றில் கை வைக்க வேண்டாம். படிக்கத் தெரியாத பாத்திரத்தைக் கேலி செய்வதை இந்த வகைப் புத்தகத்தில் அறவே தவிருங்கள். வாசிக்கும் குழந்தை தன்னைத்தான் அதில் பார்க்கும்.

இந்தச் சிரிப்புகளை எளிய எழுத்துகளால் கட்டத் தமிழில் மூன்று கருவிகள் தயாராக இருக்கின்றன.

முதலாவது எதுகை. தடி, படி, மடி, அடி. இரண்டாம் எழுத்து ஒன்றாக நிற்க, முதல் எழுத்து மட்டும் மாறுகிறது. குழந்தை ஒரே ஒரு எழுத்தைப் புதிதாகக் கூட்டினால் புதுச் சொல் கிடைத்துவிடும். தவறாகக் காதில் வாங்கும் பாத்திரம் ஒன்றை வைத்தால் கதையும் தானாக ஓடும். மோனையில் இந்த வசதி இல்லை. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் வரிசையாக வந்தால் நாக்கு பிறழும், வேகம் குறையும். வாய்விட்டுப் பாட மோனை நல்லது, எழுத்துக்கூட்ட எதுகை நல்லது.

இரண்டாவது, ஒரு கால் போட்டால் பொருள் தலைகீழாவது. தடி, தாடி. கல், கால். பட்டி, பாட்டி. படம், பாடம். காலைக் கவனிக்காமல் ஓடும் குழந்தைக்கு இது நல்ல பயிற்சியும்கூட: கவனித்தால்தான் சிரிக்க முடியும். வால், வாள் அல்லது மனம், மணம் என்று ல/ள, ன/ண வேறுபாட்டில் சிரிப்பை வைக்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். ஒலிப்பில் அந்த வேறுபாடு இன்னும் நிலைக்காத குழந்தைக்கு இரண்டும் ஒரே சொல். ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நிற்கும். அதே போல, தடியும் தட்டியும் ஒரே புத்தகத்தில் வேண்டாம். ஒற்றை 'ட'வை இரட்டையாகப் படிப்பது இந்தக் கட்டத்தின் பொதுத் தவறு.

மூன்றாவது, இரட்டைக்கிளவி. தடதட, படபட, மடமட, கரகர, நறநற, சரசர, பளபள, வளவள. இவற்றில் குறியீடு என்று ஒன்றுகூட இல்லை, புள்ளிகூட இல்லை. அகர வரிசை மட்டும் தெரிந்த குழந்தை படித்துவிடும். இரண்டு எழுத்தைக் கூட்டினால் போதும், அடுத்த இரண்டு இலவசம். வேறு எந்த வழியிலும் இவ்வளவு குறைந்த எழுத்தில் இவ்வளவு ஓசையை வாங்க முடியாது. ஆனால் 'தடதடவென்று' என்று நீட்டினால் எல்லாம் போச்சு. வினையை விட்டுவிட்டு 'தடதட! தடதட!' என்று தனியே நிறுத்துங்கள்.

இன்னொரு சங்கதி. தமிழில் வினை கடைசியில் வரும். 'நரியார் தாடி தந்தார்' என்று எழுதினால் சிரிப்புச் சொல் நடுவில் அகப்பட்டு, 'தந்தார்' என்று சப்பென்று முடியும். இயல்பான வரிசை அதுதான் என்றாலும், வெடி வெடிக்க வேண்டிய வரியில் மட்டும் புரட்டுங்கள்: 'நரியார் தந்தார்… தாடி!' புத்தகம் முழுவதும் புரட்டினால் செய்யுள் போலாகிவிடும்.

16 பக்கத்துக்கு ஒரு மாதிரி

நடுவில் மடித்துக் கம்பி தைக்கும் புத்தகம் நான்கின் மடங்கில்தான் வரும்: 8, 12, 16, 24. முதல் முயற்சிக்கு 16 சரியான அளவு. தாளை மடித்து வெற்றுப் புத்தகம் ஒன்று செய்து, அதிலேயே பென்சிலால் எழுதுங்கள். கணினியில் நீளமாக அடித்தால் பக்கம் திரும்பும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். சிரிப்புச் சொல் வலப்பக்கத்தின் கடைசியில். அதன் படம் பக்கத்தைத் திருப்பிய பின். இந்த ஒரு விதியை மறந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். சொல்லும் படமும் ஒரே பார்வையில் தெரிந்தால் குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்துவிடும்; வாசிக்காது.

1, 2: தலைப்பும் பதிப்பு விவரமும்.
3: தாத்தா வந்தார்.
4: தடி?
5: "தடி தா!" என்றார் தாத்தா. நரியார் தந்தார்… படி!
6: படம் மட்டும். தாத்தா முன்னால் ஒரு படிக்கட்டு.
7: "படி அல்ல, தடி!" என்றார் தாத்தா. நரியார் தந்தார்… மடி!
8: படம் மட்டும். நரியாரின் மடியில் தாத்தா.
9: "மடி அல்ல, தடி!" என்றார் தாத்தா. நரியார் தந்தார்… தாடி!
10: படம் மட்டும். தாத்தாவுக்கு இரண்டு தாடி.
11: "தாடி அல்ல, தடி!" என்றார் தாத்தா.
12: தடதட! தடதட!
13: டமார்!
14: படம் மட்டும். இருவரும் விழுந்து கிடக்கிறார்கள். தாத்தாவின் சட்டைக்குள்ளிருந்து தடி எட்டிப் பார்க்கிறது.
15: தடி!
16: படம் மட்டும். தாடி ஒட்டிய நரியார் தடி ஊன்றி நடக்கிறார்.

மொத்தம் 35 சொல், அதில் வெவ்வேறு சொல் 13. கால், இகரக் குறி, புள்ளி தவிர வேறு குறியீடு இல்லை. 'படி இல்லை' என்று எழுதியிருந்தால் 'லை' நுழைந்திருக்கும்; 'அல்ல' இங்கே இன்றைய வழக்குப்படியும் சரி, எழுத்தும் எளிது. மூன்று முறை ஒரே வாய்ப்பாடு, நான்காவது முறை அது உடைகிறது. இரண்டு முறையில் உடைத்தால் குழந்தை வாய்ப்பாட்டைப் பிடித்திருக்காது. ஐந்தாவது முறை வரை இழுத்தால் அலுத்துவிடும்.

ஓவியரிடம் சொல்ல வேண்டியவை

மூன்றாம் பக்கத்திலேயே தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தடியின் முனை தெரிய வேண்டும். அம்புக்குறி, பளிச்சிடும் நிறம் எதுவும் வேண்டாம். கண்டுபிடிப்பது குழந்தையின் பங்கு. முதல் வாசிப்பில் கண்டுபிடிக்காவிட்டால் இரண்டாம் வாசிப்புக்கு ஒரு காரணம் கிடைத்தது.

படத்துக்குள் எழுத்து வேண்டாம். கடைப் பலகை, சட்டைமேல் வாசகம் போன்றவற்றையும் குழந்தை கூட்டிப் படிக்கத் தொடங்கும். எழுத்துக்குப் பின்னால் படம் ஓடக் கூடாது. வெள்ளையில் கருப்பு எழுத்து, அவ்வளவுதான்.

அச்சுக்கோப்பில் நேரும் விபத்துகள்

எழுத்துரு தேர்ந்தெடுக்கும் முன் 'நரியார்' என்று அடித்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் 'ரி', 'ர்' இரண்டிலும் ரகரத்தின் அடிக்கால் விடுபட்டு, கால் குறிமேல் சுழியோ புள்ளியோ வைத்தது போல இருக்கும். பழகியவர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது; 'ா'வையும் 'ர'வையும் பிரித்தறியக் கற்கும் குழந்தைக்கு அது பொறி. ரகரம் எல்லா இடத்திலும் அடிக்காலோடு வரும் எழுத்துருவை எடுங்கள். 'ி', 'ீ' இரண்டின் சுழி வேறுபாடும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அளவு: முதல் இரண்டு படிகளுக்கு 24 முதல் 28 பாயிண்ட், பிறகு 20 வரை இறங்கலாம். மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கொக்கிகளும் இருப்பதால் வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. சொற்களுக்கிடையே 'ப' எழுத்தின் அகலமாவது விடுங்கள்.

தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்துப் போடுகிறார்கள், இணைப்புக்கோடுகூட இல்லாமல். செய்தித்தாளுக்கு அது சரி. இங்கே 'தாத்' ஒரு வரியிலும் 'தா' அடுத்த வரியிலும் வந்தால், 'தா' என்பது நம் கதையில் தனிச் சொல் வேறு! இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி, வரியை நீங்களே கையால் முறியுங்கள். முறிக்கும் இடம் மூச்சு விடும் இடமாக இருக்கட்டும்.

பழைய கதை ஒன்றை மறுபதிப்புச் செய்தால் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் இருந்தன. பழைய பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே அச்சிட்டால் இன்றைய குழந்தைக்கு அது தெரியாத எழுத்து. கணினிக் கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியிருந்தால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். திரையில் சரியாக இருந்து, அச்சுக்கான கோப்பில் உடைவது வாடிக்கை.

குழந்தைகளிடம் கொடுத்துப் பார்ப்பது

அச்சுக்கு முன், கையால் செய்த பிரதியை ஐந்தாறு குழந்தைகளிடம் தனித்தனியாகக் கொடுங்கள். கூட்டமாக வைத்தால் வேகமாகப் படிக்கும் ஒருவர் எல்லாருடைய சிரிப்பையும் செலவழித்துவிடுவார். நீங்கள் முன்கூட்டியே வாசித்துக் காட்டக் கூடாது. கதையையும் சொல்லக் கூடாது. தலைப்பை மட்டும் சொல்லலாம்.

உங்கள் கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும். நின்ற சொல்லின் கீழே ஒரு கோடு, தானே திருத்திக்கொண்டால் கோட்டின்மேல் ஒரு சுழி, சிரித்தால் ஒரு 'சி'. குழந்தை நின்றால் பத்து நொடி பொறுத்திருங்கள், பிறகு எழுத்தை மட்டும் சொல்லுங்கள், சொல்லைச் சொல்லாதீர்கள். நூறு சொல்லில் 95-க்கு மேல் தடையின்றிப் போனால் அந்தக் குழந்தை அதைத் தனியாகப் படிக்கலாம். 90-க்குக் கீழே என்றால் புத்தகம் ஒரு படி கடினம் என்பது வழக்கமான அளவுகோல். 35 சொல் புத்தகத்தில் ஒன்றிரண்டு இடத்தில் நிற்கலாம், நான்கு என்றால் அதிகம்.

குறிகளைப் படிப்பது இப்படி. ஒரே சொல்லில் மூன்று குழந்தைகள் நின்றால் சொல்லை மாற்றுங்கள். தடையில்லாமல் படித்தும் யாரும் சிரிக்கவில்லை என்றால் பக்கம் திரும்பும் இடம் தவறு, அல்லது அந்தச் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியாது. 'தாடி தெரியும், தடி என்றால் என்ன?' என்று கேட்கும் குழந்தைக்கு முழுக் கதையும் வெறும் ஓசைதான். அப்படிப்பட்ட இடத்தில் நான்காம் பக்கத்தில் ஒரு நினைவுக் குமிழுக்குள் தடியை வரைந்து காட்டிவிடலாம். பக்கத்தைத் திருப்பும் முன்பே சிரித்தால், சொல் வேலை செய்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். திருப்பிய பிறகு மட்டும் சிரித்தால், அடுத்த முறை படிக்கும்போது எங்கே சிரிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது வாசிப்பில் குழந்தை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, 'நரியார் தந்தார்…' என்று நிறுத்தி, உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும். அப்போது தெரியாதது போல நடிக்க வேண்டியது உங்கள் வேலை.